செல்லிக்குத் தீவனம்

கோதண்டராமனுக்கு மெதுவாகப் பேசவே வராது. பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்டால் எதிர் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் கோபத்தில் சத்தியம் செய்தால் கேட்கவா வேண்டும்? அச்சரப்பாக்கத்தில் அந்தத் தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்று கேட்டது.

"இனிமே அவளாண்ட ஒரு வார்த்த பேசினா நான் கோதண்டராமனே இல்ல!"

அவள் என்றால் அனு. ஒரே மகள். கடப்பாக்கத்தில் படகு என்ஜின் பழுது பார்க்கும் பெஞ்சமினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக வந்து வாசலில் நின்றாள். பையனைப் பற்றி ஒரு குற்றம் சொல்ல முடியாது. அதுதான் கோதண்டராமனுக்கு இன்னும் எரிச்சல். சாதி, மதம், சொந்தக்காரன் வாய் என்று ஒரு பக்கம் இருக்கட்டும். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்துவிட்டாளே என்பதுதான் அவரை அறுத்தது.

"நான் வாங்கிக் குடுத்தது ஒண்ணத்தையும் எடுத்துக்கினு போவாத!" என்று அதற்கும் ஒரு கத்தல்.

அனுவும் யாருக்குப் பிறந்தவள்? கழுத்துச் செயினைக் கழற்றினாள். ஸ்கூட்டர் சாவியை வைத்தாள். கையிலிருந்த போனிலிருந்து தன் பெயரில் இருந்த சிம்மை மட்டும் உருவிக்கொண்டு, போனை டிவி ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள். மறுவாரமே கோதண்டராமன் தாலுகா ஆபீஸுக்குப் போய் ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பசியில்லை என்றார். மனைவி வசந்தா நம்பவில்லை, ஆனால் வற்புறுத்தவும் இல்லை.

வசந்தா சத்தியம் எதுவும் செய்யாதவள். அதனால் மகளோடு தினமும் பேசினாள்.

டிவி ஸ்டாண்டில் கிடந்த போனை யாரும் அணைக்கவில்லை. டிவிக்காகப் போட்ட வைஃபை அதிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் கோதண்டராமன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது அது டிங் என்றது. திரையில் ஒரு கறுப்புப் பசுவின் முகம். கீழே எழுத்து: 'செல்லி பசியோடு இருக்கிறாள்.'

அனு கல்லூரிக்குப் போன காலத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து ஆடிய பண்ணை விளையாட்டு அது. கோதண்டராமன் திரும்பிப் படுத்தார். சாயந்தரம் மறுபடி டிங். 'செல்லி மிகவும் பசியோடு இருக்கிறாள்.' ராத்திரி இன்னொன்று. பசுவின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வேறு வரைந்து வைத்திருந்தான், விளையாட்டைச் செய்த படுபாவி.

விவசாயிக்கு எதைப் பார்த்தாலும் பொறுக்கும். கட்டிப்போட்ட மாடு பட்டினி கிடந்தால் பொறுக்காது. "பெத்தவள வுட்டுட்டுப் போனா சரி, வாயில்லா ஜீவன் இன்னா பண்ணுச்சி?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனைக் கையில் எடுத்தார். எங்கே தொடுவது, எதை இழுப்பது என்று ஒன்றும் தெரியவில்லை. தட்டித் தடவி ஒருவழியாகத் தொட்டி நிரம்பியது. செல்லி தலையாட்டிற்று. அப்போதுதான் பண்ணையின் வாசலில் அனு நட்டு வைத்திருந்த பலகை அவர் கண்ணில் பட்டது. 'கோதண்டம் பண்ணை' என்று எழுதியிருந்தது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் மூன்று வருஷமாக விடவில்லை. சொந்த நிலத்தில் கத்திரியும் பீர்க்கையும் போட்டு, குட்டி யானை வண்டியில் ஏற்றிப் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற மனிதர், வண்டியை ஓரங்கட்டிவிட்டு சட்டைப் பையிலிருந்து அந்தப் போனை எடுத்துப் பொம்மைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார். அதுவும் திட்டிக்கொண்டே. "நாலு நிமிஷத்துல தக்காளி பழுக்குது! இது இன்னா விவசாயமா, மோடி மஸ்தான் வேலயா?" திட்டுவார், பறிப்பார், மறுபடி விதைப்பார். கிணற்றை ஆழப்படுத்தினார். பூசணிக்கொடி போட்டார். வேலியோரம் அனு ஒரு வரிசை துலுக்கச் சாமந்தி வைத்திருந்தாள். அதை விற்றால் ஒன்றும் கிடைக்காது, வெறும் தண்ணி தண்டம். ஆனாலும் அதில் ஒரு செடியைக்கூட அவர் பிடுங்கவில்லை. அதற்கும் சேர்த்தே பாய்ச்சினார்.

வசந்தாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன?

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வரை. மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு, மீன்காரம்மாவின் ஐஸ் தொட்டி ஓரமாக நின்று செல்லிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு கூடைக்காரன் இடித்தான். போன் வழுக்கி, வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவில் முங்கியது. கோதண்டராமன் தோள்வரை கையை விட்டு எடுத்தார். திரை ஒருமுறை மின்னிற்று. அப்புறம் கறுத்துவிட்டது.

"அண்ணாத்த, ஒரு போனுக்காக இப்பிடியா மூஞ்சி வெளுத்துப்போவும்?" என்றாள் மீன்காரம்மா. அவர் போனைத் துண்டால் துடைத்துக்கொண்டே நடந்தார்.

மார்க்கெட் முனையில் ஜோதிலட்சுமியின் செல்போன் சர்வீஸ் கடை. முப்பத்தைந்து வயதுக்காரி, மேசைமேல் குனிந்தால் நிமிர மாட்டாள், வாய் மட்டும் ஓயாது.

"எந்தத் தண்ணில வுயுந்துச்சிண்ணா?"

"மீன் ஐஸ் தண்ணி."

"உப்பா? போச்சு. இதுக்கு நேரா கடல்லயே வீசியிருக்கலாம். உள்ள இன்னா கீது?"

"முக்கியமானது." கோதண்டராமன் மீசையைத் தடவினார். "பத்திரம். பட்டா. அந்த மாதிரி."

அவள் போனைப் பிரித்துக் கழுவி, சூடுகாட்டி, வேறொரு பழைய டிஸ்பிளேயை மாட்டி, கம்ப்யூட்டரோடு சேர்த்தாள். அதற்குள் அவர் எதிர்க்கடையில் இரண்டு டீ குடித்துவிட்டார். நாஸ்தா இறங்கவில்லை.

"போர்டு அரிச்சிப்போச்சுண்ணா. சாவப்போற மனுசன் மாரி இழுத்துக்கினு கீது. இருந்தாலும் போட்டோவெல்லாம் இந்தப் பக்கம் வாங்கிட்டேன். பத்திரம்னு ஒண்ணும் இல்லியே? எல்லாம் ஒரு பொண்ணு போட்டோதான்."

"வேற ஒண்ணும் வர்லியா?"

"வேற இன்னா வோணும்?"

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"ஒரு மாடு," என்றார்.

ஜோதிலட்சுமி நிமிர்ந்தாள். "இன்னாது?"

"மாடும்மா. ஒரு தோட்டம், ஒரு கெணறு. கேம் அது. எங்க வூட்டுப் பசங்க ஆடறது."

"எத்தினி பசங்க?"

"ஒண்ணு."

"இன்னா வயசு?"

கோதண்டராமன் தரையைப் பார்த்தார். "அம்பத்தாறு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"இங்க பாருண்ணா. போட்டோவெல்லாம் கூடத்துல கெடக்கற சாமான் மாரி, யாரு வேணா எடுக்கலாம். கேம்ல சேத்து வெச்சது அப்பிடி இல்ல. ஒவ்வொரு கேமுக்கும் பூட்டு போட்ட தனி ரூமு. கம்ப்யூட்டரு கதவு வரைக்கும் போவும், உள்ள வுடாது. பூட்ட ஒடைக்கலாம். ஆனா ஒடைச்சா போன் மொத்தத்தையும் தொடச்சிட்டுதான் தொறக்கும்."

"அப்ப செல்லி?"

செல்லி யாரென்று அவள் கேட்கவில்லை. புரிந்துகொண்டாள். "ஜிமெயில் போட்டு ஆடியிருந்தா, வைஃபை கெடைக்கறப்பெல்லாம் மேல ஒரு காப்பி போயிருக்கும். வேற போன்ல அதே ஜிமெயில் போட்டா மாடு தானா எறங்கி வந்துரும். ஜிமெயில் யாரோடது?"

இங்கேதான் பழைய வினை வந்து முன்னால் நின்றது. அந்தப் போன் வாங்கிய நாளில், அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக ஜிமெயில் போட்டுத் தருகிறேன் என்றாள் அனு. கோதண்டராமன்தான் பெரிய நியாயஸ்தன் மாதிரி தீர்ப்புச் சொன்னார்: "ரேஷன் கார்டு வூட்டுக்கு ஒண்ணு. கேஸு கனெக்சன் வூட்டுக்கு ஒண்ணு. ஜிமெயிலுக்கு மட்டும் இன்னா, ஆளுக்கொண்ணு? வூட்டுக்கு ஒண்ணு போதும். என் பேர்ல போடு. பாஸ்வேர்டு நம்ம வண்டி நம்பரு. அப்பதான் யாரும் மறக்க மாட்டோம்." அவள் சிரித்துக்கொண்டே அப்படியே போட்டாள். காலேஜ் சர்டிபிகேட், வேலைக்கு விண்ணப்பம், எல்லாமே அதில்தான். புதுப் போன் வாங்கியபோதும் அவள் அதையேதான் போட்டிருப்பாள். ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்தாயிற்று. இதிலிருந்து எடுக்க எந்தத் தாலுகா ஆபீஸ் இருக்கிறது?

கடையிலிருந்த செகண்ட் ஹேண்ட் போன் ஒன்றை ஜோதிலட்சுமி எடுத்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுத்துகளைத் தட்டினாள். வண்டி நம்பரையும் போட்டாள்.

"ஆ, எடுத்துக்கிச்சி. மாத்தாம வெச்சிக்கினு கீறாங்களே!"

அந்த வண்டியை விற்று ஒரு வருஷம் ஆகிறது. இப்போது ஓடுவது வேறு வண்டி. பழைய நம்பரை அவள் இன்னும் மாற்றவில்லை. கோதண்டராமன் கனைத்துக்கொண்டார்.

ஆனால் போன் திறக்கவில்லை. திரையில் பெரிதாக ஒரு எண் வந்து நின்றது.

"இதே ஜிமெயில் இருக்கற இன்னொரு போன்ல இப்ப மூணு நம்பரு காட்டும்ணா. அதுல இத மட்டும் அமுக்கணும். அமுக்குனாதான் நம்மள உள்ள வுடும். அந்தப் போனு யார்கிட்ட கீது?"

"அது... வேற ஊர்ல."

"போன் பண்ணிச் சொல்லு."

"பேச மாட்டேன்."

"ஏன்?"

"சத்தியம் பண்ணிட்டேன்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எண் மறைந்து, நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது. இன்னொரு தபா போடலாம், ஆனால் விவரம் தெரியாமல் அந்தப் பக்கம் 'நான் இல்லை' என்று அமுக்கிவிட்டால் கதை கந்தல் என்றாள் ஜோதிலட்சுமி.

கோதண்டராமன் தன் பட்டன் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே!

"வசந்தா, அவளாண்ட ஒரு நம்பரு சொல்லணும். நீ சொல்லிடு."

"இன்னாத்துக்கு?"

"ஒரு இதுக்கு."

"மாட்டுக்கா?"

கோதண்டராமனுக்குக் காது சூடாயிற்று. "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மூணு வருசமா கக்கூஸ்ல ஒக்காந்துக்கினு 'வாடி செல்லி, தின்னுடி செல்லி'ன்னு கொஞ்சனா தெரியாதா? இந்தாய்யா, சத்தியம் பண்ணது நீ. மாடு உன் மாடு. பொண்ணும் உன் பொண்ணு. நீயே பேசு. என்ன இதுல இழுக்காத." டொக்கென்று வைத்துவிட்டாள்.

"நம்பரக் குடுண்ணா, நான் பேசறேன்," என்றாள் ஜோதிலட்சுமி. மகளின் நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்று அவர் யோசிக்கவே இல்லை. மூச்சு விடாமல் பத்து இலக்கத்தையும் ஒப்பித்தார்.

அவள் தன் போனை ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்ததும் பவ்யமாக ஆரம்பித்தாள். "மேடம், உங்க ஜிமெயிலுக்கு இப்ப ஒண்ணு வரும், அதுல நான் சொல்ற நம்பர..."

"யாரு நீ?" பட்டாசு வெடித்த மாதிரி வந்தது குரல். "நீ சொல்ற நம்பர நான் அமுக்கணுமா? அப்புறம் பேங்குல கீற துட்ட எல்லாம் வயிச்சிக்கினு போவியா? இப்பதான் ஒருத்தன் உள்ள வரப் பாத்தான், நீதானா அது? காலங்காத்தால வேற ஆளு கெடைக்கலயா உனக்கு? இரு, இப்பவே பாஸ்வேர்ட மாத்தி எல்லாத்தயும் பூட்டறேன். வைடி போன!"

ஜோதிலட்சுமி காதைத் தேய்த்துக்கொண்டாள். "யப்பா! யாருண்ணா இது?"

கோதண்டராமன் மூன்று வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறார். எவ்வளவு அடக்கியும் மீசைக்கடியில் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலும் என்னமோ வந்தது. "எம் பொண்ணு," என்றார். "அப்பிடியே நானு."

"சிரிச்சிக்கினு கீற! மாத்தறேன்னு சொல்லிட்ச்சே. மாத்திட்டா அப்புறம் அந்த ஆண்டவனாலயும் தொறக்க முடியாது. மாடு வோணுமா, சத்தியம் வோணுமா? சட்டுனு சொல்லு!"

அவர் அந்தப் பழைய போனைப் பார்த்தார். பிரித்துப்போட்ட கோழி மாதிரி மேசைமேல் கிடந்தது. கிணறு, பூசணிக்கொடி, வேலியோரத்துச் சாமந்தி, வாசல் பலகை எல்லாம் போய்விடும். மகள் தன் கையால் அவர் பெயரை எழுதி வைத்த இடம் வேறெங்கும் இல்லை. சத்தியமாவது, மண்ணாவது. பட்டன் போனை எடுத்து அழுத்தினார்.

ஜோதிலட்சுமி செகண்ட் ஹேண்ட் போனில் மறுபடி எல்லாவற்றையும் தட்டினாள். இந்த முறை வேறு எண் வந்தது. திரையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

அந்தப் பக்கம் மணி ஒருமுறைகூட முழுதாக அடிக்கவில்லை. எடுத்துவிட்டாள். ஹலோ என்று சொல்லவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கூப்பிடுவது யார் என்று திரையில் வந்த பெயரைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"முப்பத்தேழு," என்றார் கோதண்டராமன்.

போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"முப்பத்தேழு அமுக்கும்மா." வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் மெதுவாக வந்தது.

"நைனா?" என்றாள் அனு.

அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவள் எண்ணை அமுக்கிவிட்டாள், இந்தப் பக்கம் செகண்ட் ஹேண்ட் போன் திறந்துகொண்டது. ஜோதிலட்சுமி விளையாட்டை இறக்கினாள். அந்தச் சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி முடிகிறவரை இரண்டு பக்கமும் யாரும் போனை வைக்கவில்லை. அப்புறம் பலகை வந்தது. கிணறு வந்தது. சாமந்தி வரிசை ஒரு செடி குறையாமல் வந்தது. நேற்று ராத்திரி வீட்டு வைஃபையில் விட்ட இடத்திலேயே செல்லி நின்றுகொண்டிருந்தாள். தலைக்குமேல் பசி என்று காட்டியது.

"வந்துட்ச்சா?" என்று கேட்டாள் அனு. மூக்கை உறிஞ்சினாள்.

"ம். வந்துட்ச்சி."

"பூசணி நேத்துலேருந்து பழுத்துக் கெடக்குது. ஏன் பறிக்காம வுட்டுட்ட?"

"நேத்து லோடு ஜாஸ்தி, நேரமே இல்ல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"என் போன்லயும் அதே பண்ணதான் கீது. தெனம் பாப்பேன் நைனா. காலைல எழுந்ததும் அதான் மொத வேல. ராத்திரி தண்ணி பாச்சியிருந்தா, சரி, நைனா நல்லா கீறாருன்னு நெனச்சிக்குவேன். ஒரு தபா உனக்கு ஜொரம் வந்து ரெண்டு நாளு செல்லி பட்டினி கெடந்தா. அம்மா சொல்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

"நீயே போட்டிருக்கலாமில்ல தீவனம்? வாயில்லா ஜீவன்!"

"கை வெக்கல. நான் கை வெச்சா நீ கண்டுபுடிச்சிருவ. கண்டுபுடிச்சா வீம்புக்கு அன்னிக்கே வுட்டுருவ. அப்புறம் நீ எப்பிடிக் கீறன்னு நான் எதப் பாத்துத் தெரிஞ்சிக்கறது?"

தான் யாருக்கும் தெரியாமல் மாடு மேய்ப்பதாகக் கோதண்டராமன் இத்தனை நாள் நினைத்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, உள்ளே ஒரு அடி எடுத்து வைக்காமல், தினமும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள் பாவிப் பெண். அவள் விட்டுப்போன செடியை இவர் பிடுங்கவில்லை. இவர் நட்டதை அவள் தொடவில்லை. இரண்டு பேரின் பிடிவாதத்துக்கும் நடுவில் ஒரு பொம்மை மாடு வயிறு நிறையத் தின்று கொழுத்திருக்கிறது. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஜோதிலட்சுமி பார்த்தால் பார்க்கட்டும்.

"இன்னிக்கு நீ போடு," என்றார். "எனக்குக் கை நடுங்குது."

ஜோதிலட்சுமி விளையாட்டை மூடிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் திறந்தாள். அவர் எதையும் தொடவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தது. பூசணிகள் பறித்து வரிசையாக அடுக்கியிருந்தன. செல்லி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி கட்டு போட்ட?" என்று பழைய குரல் திரும்பி வந்தது; மீன் மார்க்கெட் வரை கேட்டிருக்கும். "அவ்ளோவா போடுவாங்க? வயிறு உப்பிக்காது? வளத்த லட்சணம் பாரு! அப்புறம் அந்தப் பையன், பெஞ்சமினு, சாப்டானா? காலைல இன்னா பண்ண? மார்க்கெட்டுல வஞ்சிரம் நல்லா கீது, வாங்கிக்கினு வர்ட்டா? அவன் இன்னா, மீன் ஊர்க்காரன், சிரிப்பானா? சிரிச்சா சிரிக்கட்டும். கத்திரிக்கா கொண்டாறேன்..."

பேச்சு நிற்கவில்லை. ஜோதிலட்சுமி பழைய போனை ஒரு கவரில் போட்டாள். செகண்ட் ஹேண்ட் போனுக்கு கேரண்டி எழுத அட்டையை எடுத்து, பேனாவைத் திறந்து, அவர் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்துக் கேட்டாள்.

"பேரு சொல்லுண்ணா. கோதண்டராமன்தானே?"

அவர் போனைக் கையால் பொத்தினார். ஒரு நிமிஷம் யோசித்தார். தெருவே கேட்கச் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது.

"அந்த ஆளு இல்லம்மா," என்றார். "அனுவோட நைனான்னு எழுதிக்க."